காட்டி சுப்பிரமணியர் வழியில் கிடைத்த குரல்

கந்தனை நம்பி வாழும் அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும் நீலசந்திராவிலிருந்து ஏழுமலையின் வணக்கம். எனக்கு நடந்ததை உங்களிடம் சொல்லாமல் இருந்தால் அது நன்றி கெட்டதனம். அதனால் எழுதுகிறேன்.

நான் பஸ் கண்டக்டர். இந்த ஊர் பஸ்களில் "ஒளகடெ ஹோகி, ஒளகடெ ஹோகி" என்று கன்னடத்தில் ஜனங்களை உள்ளே போகச் சொல்லிக் கத்தியே குடும்பத்தைக் காப்பாற்றியவன். என் குரல் கடைசி சீட் வரைக்கும் கேட்கும். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. புற்றுநோய் என்றார்கள். உயிர் வேண்டுமானால் குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு ஓட்டை. மூச்சு அந்த வழியாகத்தான். வாயைத் திறந்தால் உதடுதான் அசையும், சத்தம் வராது.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு மேடம் இருந்தார். காற்றை விழுங்கி, ஏப்பம் விடுகிற மாதிரி மேலே தள்ளி, அதையே வார்த்தையாக மாற்றலாம் என்றார். க, ப, ட மாதிரி எழுத்துகள் முதலில் வரும் என்று சொல்லிக்கொடுத்தார். மாதக்கணக்கில் முயற்சி செய்தேன். வயிறு உப்பியதுதான் மிச்சம். பிறகு போவதை விட்டுவிட்டேன். டிப்போவில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுக்கிறோம், வா என்றார்கள். அதற்கும் போகவில்லை. நண்பர்கள் வந்தால் தூங்குவது போலப் படுத்துக்கொள்வேன்.

ஒரு நாள் மத்தியானம் என் மனைவி பத்மா சமையலறையில் மயங்கி விழுந்தாள். அவளுக்குச் சர்க்கரை உண்டு. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஆம்புலன்ஸுக்கு போன் போட்டேன். எடுத்தவர் "ஹலோ, ஹலோ" என்றார். நான் வாயை அசைத்தேன். அவருக்கு என்ன தெரியும், பாவம். வைத்துவிட்டார். நான் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடி, கரண்டியால் அடித்தேன். எதிர்வீட்டு நஸ்ரீன் ஓடி வந்தாள். "என்னா ஆச்சு பாய்?" என்று, கூடப்பிறந்த அண்ணனைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டே உள்ளே போனவள், சர்க்கரை இறங்கியிருக்கும் என்று புரிந்துகொண்டு, பத்மாவைத் தூக்கி உட்காரவைத்துச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டினாள். பத்மா கண் திறந்தாள்.

அவள் பிழைத்தாள். ஆனால் எனக்குள் ஏதோ ஒன்று செத்துப்போனது. கட்டியவள் சாகக் கிடந்தாலும் கூப்பிட முடியாத புருஷன் எதற்கு என்று தோன்றியது. மறுநாள் காலை முருகன் படத்தின் முன் உட்கார்ந்தேன். பழைய குரலை நான் கேட்கவில்லை. "கந்தா, உதவிக்கு ஆளைக் கூப்பிடுகிற அளவுக்கு ஒரு சத்தம் கொடு. அது போதும்" என்று மனசுக்குள் சொன்னேன். அழுதேன். எனக்கு அழுகையும் சத்தமில்லாமல்தான் வரும்.

என் மகள் கவிதாதான் அந்த நடைப்பயணத்தைப் பற்றிச் சொன்னாள். தொம்மலூரில் ரேவதி என்று ஒரு அம்மா. புருஷனைப் பறிகொடுத்தவர்கள், விவாகரத்து ஆனவர்கள், வேலை போனவர்கள், நோயிலிருந்து எழுந்தவர்கள், இப்படி வாழ்க்கை தலைகீழான ஆட்களைச் சேர்த்து, கோயில்களுக்கு நடத்தியே கூட்டிப் போகிறவர். அந்த முறை தொட்டபள்ளாபுரம் தாண்டி, காட்டி என்ற இடத்தில் இருக்கும் சுப்பிரமணியர் கோயிலுக்கு. நான் முடியாது என்று கையை ஆட்டினேன். பத்மாதான் விடவில்லை. "போய்ட்டு வாங்க. வீட்லயே உக்காந்து சுவத்தப் பாத்துனு இருந்தா நானும் உங்களோட சேந்து செத்துடுவேன்" என்றாள். டாக்டரும் சரி என்றார், கழுத்து ஓட்டையில் தூசி போகாமல் ஈரத்துணி கட்டிக்கொண்டால் போதும் என்று.

எலஹங்காவில் கூடினோம். ரேவதி அம்மா யாரிடமும் "உங்களுக்கு என்ன ஆச்சு" என்று கேட்கவில்லை. "சாமிகிட்ட என்ன கேக்கப் போறீங்கன்னு மட்டும் மனசுல வச்சுக்கோங்க. காலையில முதல் ஒரு மணி நேரம் யாரும் பேசக் கூடாது" என்றார்.

அந்த ஒரு மணி நேரத்தை நான் எப்படிச் சொல்வேன்? எல்லோரும் ஊமையாக நடக்கிறார்கள். காலடிச் சத்தம் மட்டும். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாக நானும் எல்லோரையும் போல ஒரு ஆள். மூச்சு லேசாக வந்தது.

எங்கள் கூட்டத்தில் நித்யா என்று ஒரு பெண். ஐடி கம்பெனி வேலைக்காகச் சேலத்திலிருந்து வந்தவள். விவாகரத்து ஆகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பேச அனுமதி கிடைத்ததும் என் பக்கத்தில் வந்து நடப்பாள். "அண்ணா, உங்ககிட்டதான் பேச முடியுது. மத்தவங்க எல்லாம் உடனே புத்தி சொல்றாங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டே நடந்தேன். கேட்பதற்காவது நான் உதவுகிறேனே என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள் நல்ல வெயில். கல் ஏற்றிய லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. தொட்டபள்ளாபுரத்துக்கு முன்னால் ஒரு பெட்டிக்கடையில் உட்கார்ந்தோம். நித்யா எல்லோருக்கும் சோடா வாங்கிக் கொடுத்தாள். தாகத்தில் நான் மடமடவென்று குடித்தேன். உள்ளே இருந்து ஒரு ஏப்பம் கிளம்பியது பாருங்கள், கடைக்காரரே திரும்பிப் பார்த்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் வெட்கப்பட்டுச் சிரித்தேன். அடுத்த ஏப்பம் மேலே வருவது எனக்குத் தெரிந்தது. அந்த மேடம் சொல்லிக்கொடுத்தது ஞாபகத்துக்கு வந்தது. நாக்கை மேலே ஒட்டி அதைப் பிடித்தேன்.

"கந்தா."

தவளை கத்துகிற மாதிரி இருந்தது. ஆனால் வார்த்தை. யாரும் சிரிக்கவில்லை. நித்யா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள். இன்னும் ஒரு சோடா குடித்துச் சொன்னேன். வந்தது. ரேவதி அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அங்கேயே, அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து என் போனிலிருந்து வீட்டுக்குப் போட்டேன். நான் யாருக்கும் போன் போடுவதில்லை என்று பத்மாவுக்குத் தெரியும். பதறிப்போய் எடுத்தாள்.

"யாரு பேசறது? அவருக்கு இன்னா ஆச்சு?"

நான் காற்றை விழுங்கினேன். "பத்மா" என்றேன்.

"யாருங்க? அவரு எங்க? போன அவருகிட்ட குடுங்க."

"பத்மா. நா... தா."

அந்தப் பக்கம் "நீங்களா?" என்று ஒரு சத்தம். அப்புறம் அவள் அழுதது மட்டும் கேட்டது. எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவள் பெயரை எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறேன். கூப்பிடுவது இவ்வளவு பெரிய பாக்கியம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் காட்டி கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரே சிலையில் முன்னால் சுப்பிரமணியர், பின்னால் நரசிம்மர். பின்னால் இருக்கும் சாமியைக் கண்ணாடியில்தான் தரிசிக்க வேண்டும். வழி முழுக்க என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று நினைத்து வந்தவன், சன்னதியில் அவன் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நின்றேன். நித்யா பக்கத்தில் கண்ணை மூடி நின்றாள். அவள் என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. திரும்பும்போது அவள் முகம் தெளிந்திருந்தது.

ஊருக்கு வந்ததும் பயிற்சிக்குத் திரும்பப் போனேன். "எங்கே போயிருந்தீங்க இத்தனை நாளா?" என்று மேடம் கோபித்துக்கொண்டார். இப்போது மூன்று நான்கு வார்த்தைகள் சேர்ந்தாற்போல் பேசுகிறேன். குரல் அழகாக இல்லை. தெருப் பிள்ளைகள் என்னைப் போலப் பேசிக் காட்டுகிறார்கள். காட்டட்டும். டிப்போ வேலையில் சேர்ந்துவிட்டேன். நஸ்ரீன் வீட்டு வாசலில் நின்று "தங்கச்சி" என்று கூப்பிட்டால் அவள் வெளியே வந்து எட்டிப் பார்க்கிறாள்.

லீவு நாட்களில் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். புதிதாகக் குரல்வளை எடுத்தவர்கள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "வணக்கம் சார், நானும் உங்கள மாதிரிதான்" என்பேன். திரும்பிப் பார்ப்பார்கள்.

இதைப் படிக்கிற நீங்கள் எந்தக் கஷ்டத்தில் இருக்கிறீர்களோ, எனக்குத் தெரியாது. துணை போயிருக்கலாம், வேலை போயிருக்கலாம், உடம்பில் ஒரு பாகம் போயிருக்கலாம். முடிந்தால் எழுந்து நாலு பேரோடு சேர்ந்து நடங்கள். முடியாவிட்டால் இருக்கும் இடத்திலேயே அவனிடம் கேளுங்கள். எப்படிக் கேட்பது, என்ன வார்த்தை சொல்வது என்று தயங்க வேண்டாம். ஒரு எழுத்துகூட என் வாயிலிருந்து வராத காலத்தில் நான் கேட்டதுதான் கந்தன் காதில் விழுந்தது.