கண்ணுக்குக் கீழே கறுப்பு

எங்கள் ஸ்டூடியோவில் டச்சப் அக்கா என்றால்தான் தெரியும். அவளுடைய சொந்தப் பெயரைச் சொன்னால் அவளே ஒரு நொடி யோசிப்பாள். முன்பக்கம் படம் எடுப்பது நான். எடுத்த முகங்களைப் பின்னறையில் திருத்துவது அவள். பரு, தழும்பு, நரை, தொங்கும் தாடை எதுவும் அவள் கையில் தப்பாது. பத்து வருஷமாக ஊரில் பாதிப் பேரை அழகாக்கியவள். அவள் தலை வாரிக்கொண்டு வந்தாளா என்று கேட்க மட்டும் ஆளில்லை.

ஸ்டூடியோ அவளுடைய அண்ணனுடையது. கணவன் விட்டுப் போனபோது மாடியில் ஓர் அறை, கீழே ஒரு வேலை என்று கொடுத்தவர். பதினாலு படி இறங்கினால் வேலை, ஏறினால் வீடு. அண்ணன் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டுவிட்டு என்றைக்கோ கிளம்பியிருப்பாள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். இவள் அதை ஒரு எழுத்து விடாமல் கடைப்பிடித்தாள். பின்னறைக்கு ஜன்னல் கிடையாது. கதவில் பதித்த கண்ணாடி வழியாகத் தெரிவது அண்ணனின் முகம் ஒன்றுதான்.

போன வருஷம் பழைய டேப்லட் ஒன்றை யாரிடமோ வாங்கி வந்தாள். மவுஸுக்குப் பதிலாகப் பேனா பிடித்து வரையும் பலகை அது. சாப்பாட்டு நேரத்தில், போட்டோ திருத்தும் அதே மென்பொருளில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்துகொண்டு, சத்தத்தை அணைத்து வைத்த வீடியோக்களைப் பார்த்து வரையப் பழகினாள். ஒரு மாதம் முழுக்க வெறும் உருண்டை. வெளிச்சம் எந்தப் பக்கம், நிழல் எங்கே அடர்த்தி, எங்கே கரைகிறது. பேனாவை அழுத்தினால் நிறம் கனக்கிறது, தளர்த்தினால் மெலிகிறது. ஒவ்வொன்றையும் தனித்தனி லேயரில் போட வேண்டும் என்று எனக்குப் பாடமே எடுத்தாள். கண்ணாடித் தாளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவது போலத்தான். மேல் தாளில் தப்பு செய்தால் அடித் தாளுக்குச் சேதமில்லை.

"ஒரு மாசமா ஒரே உருண்டையா? நான் அந்நேரத்துக்கு உருட்டித் தின்னிருப்பேனே" என்றேன்.

சிரிக்கவில்லை. கோடே தெரியாமல் ஓரம் கரைய வேண்டும், அதுதான் கஷ்டம் என்றாள். என் கிண்டலெல்லாம் அவளிடம் அப்படித்தான் வீணாகும்.

பிறகு அந்த விளம்பரம் வந்தது. சிறுவர்களுக்குப் படக்கதை தயாரிக்கும் ஒரு கம்பெனிக்கு வரைபவர் ஒருவர் தேவை. நன்றாகத் தெரிந்த ஒரு முகத்தை வரைய வேண்டும். போட்டோவை அடியில் வைத்து வரையக் கூடாது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள், லேயர்கள் பிரிந்திருக்கும் கோப்பாகவே அனுப்ப வேண்டும். அதைப் பிரித்துப் பார்த்துத்தான் கையால் வரைந்ததா என்று முடிவு செய்வார்கள்.

இந்த வேலை கிடைத்தால் வீடு பார்த்து மாடியைக் காலி செய்துவிடுவேன் என்று என்னிடம் மட்டும் சொன்னாள். அதைச் சொல்லும்போதே குரலைத் தாழ்த்திக்கொண்டாள். எனக்குப் பாவமாக இருந்தது.

அண்ணனைத்தான் வரைந்தாள். வேறு எந்த முகத்தை அவள் பத்து வருஷம் பார்த்திருக்கிறாள்? நெற்றிக்கு ஒரு லேயர், மூக்குக்கு ஒன்று, டியூப்லைட் வெளிச்சம் விழும் கன்னத்துக்கு ஒன்று என்று முப்பத்தொரு லேயர். அவர் கண்ணுக்குக் கீழே இருக்கும் கறுப்பு மட்டும் சரியாக வரவே இல்லை. வரைந்து அழித்து, வரைந்து அழித்து, கடைசியில் வந்தபோது என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். கடையை ஒற்றை ஆளாக இழுத்த அத்தனை வருஷமும் அந்தக் கறுப்பில் இருந்தது. இவளைப் பின்னறையிலேயே முடக்கிவிட்டார் என்று அவர்மேல் எனக்கிருந்த கோபம்கூடக் கொஞ்சம் குறைந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை நாலரை மணி. முன்னால் ஒருவர் பாஸ்போர்ட் படத்துக்கு நின்றுகொண்டு அவசரப்படுத்தினார். ஆச்சா, ஆச்சா என்று அண்ணன் கதவைத் தட்டினார். எங்கள் பிரிண்டருக்கு லேயர் ஆகாது. அதனால் எந்தப் படமானாலும் கடைசியில் எல்லா லேயரையும் ஒன்றாக ஒட்டி, சேமித்து, மூடிவிடுவாள். ஒரு நாளைக்கு அறுபது தடவை, விசைப்பலகையைப் பார்க்காமலே. பாஸ்போர்ட் படத்தை அப்படி முடித்தாள். அடுத்து திரையில் இருந்தது அவளுடைய ஓவியம். ஒரு தடவை பார்த்துவிட்டு அனுப்பத்தான் வைத்திருந்தாள். கை நிற்கவில்லை. ஒட்டியது, சேமித்தது, மூடியது.

மறுபடி திறந்தாள். ஒரே ஒரு லேயர். மூடிய பிறகு பழையபடி பிரிக்க வழியில்லை. வேறு பிரதியும் எடுத்து வைக்கவில்லை. அவள் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நடந்ததை எழுதி, இருப்பதையே அனுப்பச் சொல்லி நான்தான் வற்புறுத்தினேன்.

திங்கட்கிழமை பதில் வந்தது. போட்டோவை மிக நேர்த்தியாகத் திருத்தியிருக்கிறீர்கள், ஆனால் நாங்கள் கேட்டது ஓவியம், அந்த இடத்துக்கு ஆளும் எடுத்தாகிவிட்டது என்று இரண்டே வரி. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று மற்றவர்களுக்குச் சொல்லலாம். இவளுக்கு அந்தக் கையே எதிரி.

அவள் எழுந்து போனபோது திரை திறந்தே கிடந்தது. அண்ணன் படத்தையும் பார்த்தார், பதிலையும் படித்தார். திரும்பி வந்தவளிடம், வேறு வேலைக்கு ஏன் போகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் முகத்தில் நிஜமான சந்தோஷம்.

"போட்டோன்னே நெனச்சுட்டாங்க பாத்தியா? நம்ம கை அப்படிம்மா. இத பெருசா போட்டு வாசல்ல மாட்டிடலாம்" என்றார். பிறகு குனிந்து உற்றுப் பார்த்தார். "கண்ணுக்குக் கீழ இந்தக் கறுப்ப மட்டும் எடுத்துடு."

மாட்டேன் என்று சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன். சரிண்ணா என்றாள். உட்கார்ந்து எடுத்தாள். ஒரு நிமிஷ வேலை. ஒட்டி, சேமித்து, மூடினாள்.

படம் இப்போது வாசலில் தொங்குகிறது. மாட்டிய அன்று அண்ணன் ஏறி ஆணி அடிக்க, நானும் அவளும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றோம். எனக்கு மட்டும் கேட்கும்படி அவள் சொன்னாள்:

"அந்தக் கறுப்ப வரைய எனக்கு ஆறு நாள் ஆச்சு."