மெர்சியின் அப்பா சவரம் செய்த பதினோரு நிமிடம்

போன ஞாயிற்றுக்கிழமை இந்திரா நகரில் புதிதாகத் திறந்திருக்கும் ஓர் ஆண்கள் சலூனுக்குப் போயிருந்தேன். சலூன் என்று சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரலாம். உட்கார்ந்ததும் காபி கொடுக்கிற இடம் அது. கிண்ணத்தில் சோப்பைக் குழைத்து, பிரஷ்ஷால் நுரை தடவி, பழைய முறையில் சவரம் செய்துவிடுவதுதான் அங்கே விசேஷமாம். என் அப்பா தினமும் கொல்லைப்புறத்தில் செய்துகொண்டதை இப்போது விசேஷம் என்கிறார்கள், போகட்டும். சூடான துண்டை எடுத்துவிட்டு அந்த மனிதர் கன்னத்தில் நுரையை வைத்தபோது என் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "சோப்பு பட்டுடுச்சா சார்?" என்று இந்தியில் கேட்டார். ஆமாம் என்று தலையசைத்தேன். சோப்பு படவில்லை.

சோப்பு வாசனையில் எனக்கு என் அப்பா நினைவுக்கு வந்திருந்தால் நியாயம். எனக்கு வந்தது ஒரு படம். படத்துக்கு வாசனை கிடையாது என்று நீங்கள் சொல்லலாம். நான் சினிமா பார்க்கக் கற்றுக்கொண்ட இடத்தில் எல்லாப் படங்களுக்கும் வாசனை இருந்தது.

அது எங்கள் கல்லூரியின் விலங்கியல் துறை கேலரி. படிப்படியாக உயரும் மரப் பெஞ்சுகள், சுவரோரம் கண்ணாடி ஜாடிகளில் தவளை, பாம்பு, பிறக்காத ஆட்டுக்குட்டி. எங்கும் ஃபார்மலின் நெடி. புதன்கிழமை மத்தியானங்களில் ஜன்னல்களில் கறுப்பு சார்ட் பேப்பரை ஒட்டிவிட்டு, தள்ளுவண்டியில் டிவியையும் வீடியோ பிளேயரையும் உருட்டிக்கொண்டு வருவோம். ஃபிலிம் கிளப் என்று பெயர். ஒன்பது பேர் இருந்தோம். உலகத்தின் பெரிய பெரிய இயக்குநர்களெல்லாம் எனக்கு அந்த நெடியோடுதான் அறிமுகமானார்கள்.

கலைத்தாகத்தில் சேர்ந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். புதன் மத்தியானம் புள்ளியியல் வகுப்பு. அதிலிருந்து தப்பிக்கச் சேர்ந்தேன். நான் பார்த்த முதல் படத்தில் ஒரு கிழவர் கடற்கரையில் உட்கார்ந்து வலையைச் சரிசெய்துகொண்டே இருந்தார். ஜோகுபாளையத்தில் சண்டைப் படம் பார்த்து வளர்ந்தவன் நான். யாராவது வந்து அவரை அடிப்பார்கள் என்று காத்திருந்து தூங்கிப்போனேன். விழித்தபோது விவாதம் நடந்துகொண்டிருந்தது. "அந்த மௌனம்..." என்று ஒருவன் ஆரம்பித்தான். "ஆமாம், அந்த மௌனம்" என்றேன் நானும். எல்லோரும் தலையாட்டினார்கள். இது இவ்வளவு சுலபமா என்று ஆகிவிட்டது. அடுத்த மாதமே கிளப்புக்கு நான் செயலாளர். கேசட் அலமாரியின் சாவி என்னிடம் வந்தது.

நிஜமாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவள் மெர்சி. என் வகுப்புதான், காக்ஸ் டவுன் பெண். அப்பா ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அம்மா பள்ளிக்கூட டீச்சர். விவாதத்தில் அவள் வாயே திறக்க மாட்டாள். ஒருநாள் படம் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது சாதாரணமாகக் கேட்டாள்.

"அந்த அம்மா அழறதுக்கு ரூமுக்குள்ள போய் கதவ சாத்திக்கிறாங்க இல்ல, அப்போ கேமரா வெளியவே நின்னுடுச்சு. கவனிச்சியா?"

"இல்லையே. ஏன் நின்னுச்சு?"

"மரியாதைதான்டா. நம்மளா இருந்தா கூடவே உள்ள போயிருப்போமா?"

அன்றைக்குப் பஸ்ஸில் வீடு வரும்வரை யார் எங்கே நின்று யாரைப் பார்க்கிறார்கள் என்றே கவனித்துக்கொண்டு வந்தேன். ஒரு படத்தை எடுக்கிறவர் ஓர் இடத்தில் நிற்கத் தீர்மானிக்கிறார், அந்தத் தீர்மானத்தில் அவருடைய மனசு இருக்கிறது என்பது அந்த பஸ் நிறுத்தத்தில்தான் எனக்குப் புரிந்தது. பிறகு எத்தனையோ புத்தகம் படித்தேன். அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை.

இறுதியாண்டில் மெர்சி ஒரு படம் எடுத்தாள். கல்யாண வீடியோ எடுக்கும் தாய்மாமாவிடம் கேமராவை ஒருநாள் இரவல் வாங்கியிருந்தாள். பதினோரு நிமிடம், ஒரே ஷாட். ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலுக்குப் புறப்படும் முன் அவள் அப்பா ஜன்னலில் மாட்டிய சின்னக் கண்ணாடியில் சவரம் செய்கிறார். பனியனோடு நிற்கிறார். நமக்குத் தெரிவது முதுகும், ஒரு முழங்கையும், கண்ணாடியில் பாதி முகமும். ஏதோ ஒரு பாட்டை முனகுகிறார். தாடையை இழுத்துப் பிடிக்கும்போது பாட்டு நின்று, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. உள்ளேயிருந்து அம்மா, "மணியாச்சுங்க" என்கிறார். "இதோ ஆச்சும்மா" என்கிறார் இவர், அவசரமே இல்லாமல். நுரைக்கடியிலிருந்து முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. கடைசியில் திரும்பி, கேமராவுக்குப் பின்னால் இருக்கும் மகளைப் பார்த்து, "போதுமா பாப்பா?" என்கிறார். அவ்வளவுதான் படம்.

புதன்கிழமை கேலரியில் அதைப் போட்டோம். முடிந்தபோது எனக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது. எங்கள் வீட்டைப் போன்ற ஒரு வீட்டின் ஜன்னலைப் பார்த்து அழுவதா என்று வெட்கமாக இருந்தது. செயலாளர் வேறு. முதலில் எழுந்தது நான்தான்.

"இது சினிமா இல்ல. ஹோம் வீடியோ. ஷேவிங் கிரீம் விளம்பரம்கூட முப்பது செகண்டுல முடிஞ்சிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். வலை பின்னுகிற வெளிநாட்டுக் கிழவரை ஒன்றரை மணி நேரம் பார்த்து மௌனம் மௌனம் என்று உருகிய அதே ஆட்கள்தான்.

மெர்சியும் லேசாகச் சிரித்தாள். "பரவால்ல, விடு" என்றாள். பையை எடுத்துக்கொண்டு போனாள். அவள் கேசட் பிளேயருக்குள்ளேயே இருந்தது. அதற்குப் பிறகு அவள் கிளப்புக்கு வரவில்லை. வகுப்பில் பார்த்தால் பேசுவாள், படங்களைப் பற்றி மட்டும் பேச மாட்டாள். எனக்குத் தெரிந்து அவள் இன்னொரு படம் எடுக்கவும் இல்லை.

இத்தோடு முடிந்திருந்தால் இதை வாலிபத் திமிர் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் டிவியில் நான் வெகுநாள் தேடிய படம் ஒன்றைப் போடுவதாகத் தெரிந்தது. பதிவு செய்யக் கேசட் இல்லை. கிளப் அலமாரியைத் திறந்தேன். மெர்சியின் கேசட் இருந்தது, மேலே அவள் கையெழுத்தில் ‘அப்பா’ என்று எழுதியிருந்தது. வீடியோ கேசட்டின் முதுகில் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் அந்தக் கேசட்டின்மேல் வேறெதையும் பதிவு செய்ய முடியாது. மெர்சி அதை ஒழுங்காக உடைத்து வைத்திருந்தாள். உடைத்த ஓட்டையின்மேல் செல்லோடேப் ஒட்டினால் பிளேயர் ஏமாந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். ஒட்டினேன். கேட்கவே வரவில்லையே, வேண்டாம்போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது நினைவிருக்கிறது. அன்று பதிவு செய்து வீட்டுக்கு எடுத்துப்போன படம் என்னவென்று இப்போது நினைவில்லை.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து அல்சூர் பஸ் நிறுத்தத்தில் மெர்சியைப் பார்த்தேன். அவளாகத்தான் வந்து தோளைத் தட்டினாள். அப்பா போய் எட்டு மாதம் என்றாள். பக்கவாதம் வந்து கடைசி இரண்டு வருஷம் பேச்சே இல்லையாம்.

"ஏய், அந்தக் கேசட் உன்கிட்டதான இருந்துச்சு? அப்பா குரல் வேற எதுலயுமே இல்லடா. அம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க."

எல்லாவற்றையும் சொல்லிவிட அதைவிடத் தோதான நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. பஸ் எதுவும் வரவில்லை. கூட்டமும் இல்லை.

"தேடிப் பாக்கறேன் மெர்சி. வீட்ல எங்கயாவது இருக்கும்."

அவள் முகம் மலர்ந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். நம்பரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். நான் கூப்பிடவே இல்லை.

சலூனிலிருந்து வந்த மறுநாள், பழைய வகுப்புக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவள் எண்ணை எடுத்துக் கூப்பிட்டேன். ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள். குரலைக் கேட்டதும் அடையாளம் கண்டுகொண்டாள். சுற்றி வளைக்காமல் சொன்னேன். செல்லோடேப் வரைக்கும் சொன்னேன்.

"தெரிஞ்சே பண்ணியா?"

"தெரிஞ்சேதான்."

இணைப்பு போய்விட்டதோ என்று ஃபோனைப் பார்த்தேன். பிறகு, திட்டுகிற குரலே இல்லாமல் பேசினாள்.

"நீ தேடறேன்னு சொன்னத அன்னைக்கே அம்மாகிட்ட போய் சொல்லிட்டேன். அவங்க டிவி ஷோரூமுக்குப் போய், பழைய கேசட் போடற பிளேயர் ஒன்னு வாங்கி வெச்சாங்க. துணி போட்டு மூடி வெச்சிருந்தாங்க. அவங்க கண்ண மூடற வரைக்கும், எனக்கு ஃபோன் பண்ணும்போதெல்லாம், அந்த ஜோகுபாளையம் பையன் கூப்பிட்டானான்னு கேப்பாங்க. ஏழு வருஷம். இல்லன்னு ஒரு வார்த்த அன்னைக்கே சொல்லிருந்தா அவங்க விட்டிருப்பாங்கடா."

மன்னித்துவிடு என்றேன். "ம்" என்றாள். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் அனுப்பிய செய்தியைப் படித்ததற்கு அடையாளம் இருக்கிறது. பதில் இல்லை.

அந்த விலங்கியல் கேலரியை இடித்துக் கம்ப்யூட்டர் சென்டர் ஆக்கிவிட்டார்கள். காக்ஸ் டவுனில் மெர்சியின் வீடு இருந்த இடத்தில் நான்கு மாடிக் குடியிருப்பு நிற்கிறது. அந்த ஜன்னல் இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துமிடம். கேசட்டும் எந்த வீடு மாறும்போதோ போய்விட்டது. அன்றைக்குப் படத்தைப் பார்த்த மற்றவர்களிடமும் கேட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு படமே யாருக்கும் ஞாபகமில்லை. ஆகவே இப்போது அது என் தலைக்குள் மட்டும்தான் ஓடுகிறது. பனியனும் முழங்கையும் வெளிச்சமும் அப்படியே இருக்கின்றன. அவர் முனகிய பாட்டு மட்டும் வருவதில்லை. உதடு அசைகிறது. சத்தம் இல்லை.