ஒன்றரை முழப் பேருந்துக்கு வந்த ஊது பிரஷ்

மெல்லிய குழாயில் காற்று சீறிக்கொண்டே இருக்கும். திடீரென அச்சீற்றத்தின் நடுவே இருமல் போன்றதோர் ஒலி எழும். அதை நினைத்தால் என் உள்ளங்கை இன்றும் வியர்க்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி அது. நான் பத்து வயதுச் சிறுமி. பெரியநாயக்கன்பாளையத்தில் என் தந்தையார் பேருந்துகளுக்கு மரக்கூடு கட்டும் பட்டறை வைத்திருந்தார். அன்னூர்த் தடத்தில் வண்டி விட்டிருந்த முதலாளி ஒருவர், தம் புதிய பேருந்துகளுக்குக் கூடு கட்டும் வேலையை எங்களுக்குத் தருவதா, நகரத்துப் பட்டறைக்குத் தருவதா எனத் தீர்மானிக்குமுன், சிறிய உருவில் ஒன்று செய்து காட்டச் சொன்னார். தந்தையார் ஒன்றரை முழ நீளத்தில் தேக்கில் இழைத்துப் பச்சை பூசினார். பெரிய வண்டியில் கண்ணில் படாத தூரிகைத் தடங்கள் அச்சிறு வண்டியில் உழவுச்சால்களாய்த் தெரிந்தன.

“என்னங்க மேஸ்திரி, பஸ்ஸுக்குப் பவானி ஜமக்காளம் போத்தி உட்டுட்டீங்களா?” என்று முதலாளி சிரித்தார். “வெள்ளிக்கெழம வாரேனுங்க. அதுக்குள்ள வழவழன்னு ஆக்கிப்போடுங்க. இல்லீன்னா டவுன்லயே குடுத்துப்போடறேன்.”

இவ்வேலை போனால் பட்டறையை மூடிவிட்டு ஆலைக்குத் தச்சுவேலைக்குப் போக வேண்டியதுதான் எனத் தந்தையார் தாயாரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

கோயம்புத்தூரில் நிழற்படங்களுக்கு வண்ணம் ஊதும் ‘ஸ்டுடியோ’க்காரர் ஒருவரிடம் தடம் விழாமல் காற்றாலேயே வண்ணம் தெளிக்கும் ‘ஊது பிரஷ்’கள் இரண்டு விற்பனைக்கு இருந்தன. ஒன்றில், விசையை அழுத்தினால் காற்றும் வண்ணமும் ஒருசேர வரும்; பழகுவது எளிது. மற்றதில், அழுத்தினால் காற்று மட்டுமே. விசையைப் பின்னுக்கு இழுக்கும் அளவுக்கே வண்ணம். “இதுல மயிராட்டக் கோடும் போடலாமுங்க. ஆனா உள்ள இருக்கற ஊசி மொன வளைஞ்சா அவ்வளவுதானுங்க” என்றார் அவர். சன்னலடியில் ஓடவேண்டிய மஞ்சள் கோட்டை எண்ணித் தந்தையார் இரண்டாவதையே வாங்கினார். வீடு வரும்வரை அது என் மடியில் இருந்தது. பேருந்து குலுங்கிய போதெல்லாம் அதை இறுகப் பற்றிக்கொண்டேன்.

பழைய பேருந்துச் சக்கரமொன்றில் ‘பம்பு’ கொண்டு காற்றை அடைத்து, அதன் வாயில் ரப்பர்க் குழாயைச் செருகி, மறுமுனையில் பிரஷைப் பூட்டினார் தந்தையார். ‘டர்பண்டைன்’ விட்டுப் பாலின் பதத்துக்குக் கரைத்த வண்ணத்தைப் பழைய நூல்துணியில் வடிகட்டுவது என் பொறுப்பு.

“துரும்பு ஒண்ணு போகக்கூடாது, கண்ணு.”

உதவாத பலகை ஒன்றில் ஊதிப் பார்த்தார். ஒரு சாண் தூரம் பனிபோல் படிந்தது. பிறகு இருமல், தெறித்த பச்சைத் துளிகள். கழற்றிக் கழுவி மீண்டும் ஊதினார், மீண்டும் இருமல். நான் துணியை இரண்டாய் மடித்து வடிகட்டினேன், முன்னிலும் மோசமாயிற்று. நான்காய் மடித்தேன், அடைத்தே போயிற்று. மடியில் வைத்திருந்த நான்தான் ஊசியை வளைத்துவிட்டேன் என உறுதியாக நம்பினேன். சொல்லத் துணிவில்லை.

புதன்கிழமை மாலை தாங்க மாட்டாமல் தாயாரிடம் அழுது சொல்லிவிட்டேன். மணமாகுமுன் பஞ்சாலையில் வேலை பார்த்தவர் அவர். ஊசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முனையில் இருந்ததை நகத்தால் வழித்தார்.

“ஊசிக்கு ஒண்ணுமில்ல, அம்மணி. இது பஞ்சு. நூல்துணீல வடிச்சாப் பஞ்சு வராம பாலா வரும்?” என்றவர் தந்தையார் பக்கம் திரும்பினார். “ஏனுங்க, ஊரே பஞ்சுல பொழைக்குது. அப்பனுக்கும் புள்ளைக்கும் இது தெரியலீங்களா?”

பஞ்சு உதிர்க்காத துணி வீட்டில் பட்டு ஒன்றுதான். நான் ஓடிச்சென்று என் ஒரே பட்டுப்பாவாடையை எடுத்து வந்து நீட்டினேன். “பொங்கலுக்கு என்னத்தக் கட்டுவ?” என்று கேட்டுக்கொண்டே தாயார் கத்தரித்தார்.

மறுநாள் காலை, பழைய பூச்சைத் தேய்த்தெடுத்த சிறு வண்டியின் மேல் தந்தையார் ஊதினார். நான் இருமலுக்குக் காத்திருந்தேன். அது வரவில்லை. ஆனால், காய்ந்தபின் பார்த்தபோது, வண்டியின் பின்புறத்தில் பச்சைக்கு அடியில் ஒரு பஞ்சிழை. பிரஷின் வண்ணக் கிண்ணத்தில் முன்பே தங்கியிருந்தது போலும். தந்தையார் அதைக் காணவில்லை.

வெள்ளிக்கிழமை வந்த முதலாளி குனிந்து, பளபளத்த பக்கப்பலகையில் தம் முகத்தைக் கண்டு, மீசையை ஒதுக்கிக்கொண்டார். அவர் சுற்றி வந்துவிடாதபடி நான் வண்டிக்குப் பின்னால் ஒட்டி நின்றேன்.

“டவுனுக்குப் போகலீங்க, மேஸ்திரி” என்றார். “நீங்களே கட்டிப்போடுங்க.”

இப்போது அப்பட்டறை இல்லை. அன்னூர்த் தடத்தில் அப்பச்சை வண்டிகளும் இல்லை. ஊது பிரஷ் எவர் கைக்குப் போயிற்றென்று அறியேன். சிறு பேருந்து மட்டும் என் அலமாரியில் நிற்கிறது. வருவோர் எவரேனும் அதைக் கையிலெடுத்துப் பின்புறம் திருப்பினால், என்னையறியாமல் இன்றும் எழுந்து நின்றுவிடுகிறேன்.