மாமா கரையில் நின்று பார்த்தது

கனடாவிலிருந்து வந்திருந்த மாமாவிடம், மீன்பிடிக்கப் போகும்போது போடுகிற கறுப்புக் கண்ணாடி ஒன்று இருந்தது. தண்ணீரில் பட்டுத் தெறிக்கிற வெயிலை அது மறித்துவிடுமாம், அடிவரை தெரியுமாம். என்னைத் தொடவும் விடவில்லை மனிதர், அத்தனை பவுசு!

அன்று மத்தியானம் இரணைமடு வாய்க்காலில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த அம்மா, "ஐயோ!" என்று கழுத்தைப் பிடித்தார். நைந்திருந்த மஞ்சள் கயிறு அறுந்து, தாலி தண்ணீருக்குள் விழுந்துவிட்டது. அப்பா போரின் கடைசியில் காணாமல் போனவர். ஊர் என்ன கதைத்தாலும் அம்மா பொட்டையும் தாலியையும் விடவில்லை. மூன்று மணிக்கு வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு எங்கே போய்த் தேடுவது? கரையில் நின்ற மாமா இறங்கப் போக, அம்மா மறித்தார்.

"அண்ணை, இறங்காதேங்கோ, தண்ணி கலங்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேல நிண்டு பாருங்கோ!"

மாமா நெடுநேரம் பார்த்தார். "ஒண்டும் தெரியேல்ல, தங்கச்சி. போனது போகட்டும். எழும்பி வா."

"வரமாட்டன்!"

அம்மா அப்படிக் கத்தி நான் கேட்டதேயில்லை. மாமாவிடமிருந்து கண்ணாடியைப் பறித்து, அவர் நின்ற இடத்திலேயே நின்று பார்த்தேன். தலையைச் சரித்தால் தண்ணீர் கண்ணைக் கூசவைத்தது. நிமிர்த்த நிமிர்த்தக் கூச்சம் குறைந்து, நேரே நின்றபோது அடிமணல் தெளிவாகத் தெரிந்தது.

"அம்மா, அந்தா! கல்லுக்குப் பக்கத்தில!"

அம்மா அதை எடுத்துக் கரையேறி, அறுந்த கயிற்றில் முடிச்சுப் போடும்போதே தண்ணீர் இரைந்துகொண்டு வந்தது. திரும்பிப் போகையில் மாமா கண்ணாடியை என்னிடமே தந்துவிட்டார்.

எனக்கு வாய் நீளம். மாமா தலையைச் சரித்துப் பார்த்திருப்பார், பாவம், அவருக்குக் கண்ணாடி போடத் தெரியாது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அம்மாவைத் தாலி கழற்றச் சொல்லத்தான் அவர் அவ்வளவு தூரம் வந்தவர் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

இப்போது கிளிநொச்சியில் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். அந்தக் கண்ணாடியில் இருப்பது மாதிரியான இரண்டு தகடுகளைச் சேர்த்துப் பிடித்து ஒன்றைத் திருப்பத் திருப்ப, வெளிச்சம் மங்கி மங்கி இருட்டாகிவிடும். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். போன தவணை அப்படித் திருப்பிக்கொண்டிருக்கும்போது எனக்குக் கை நின்றுவிட்டது. அன்று மாமா தலையைச் சரிக்கவேயில்லை. கரையில் நேராக, நன்றாக நிமிர்ந்துதான் நின்றார்.

அவருக்குத் தாலி தெரிந்திருக்கிறது.