வெளியே அனுப்பாத நாள்

ஒன்பதாம் வகுப்பில் தனபால் ஆடு மாதிரி கத்துவான். செய்யுளின் நடுவில், கணக்கின் நடுவில், திடீரென்று. வெளியே போய் நில்லுடா என்பார்கள். வராந்தாவில் போய் நிற்பான், சுண்ணாம்புக்கல் லாரிகள் புழுதி கிளப்பும் அரியலூர் ரோட்டைப் பார்த்தபடி, பரிசு வாங்கியவன் போல.

காரணத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்; அன்றைக்கு யாருக்கும் தெரியாது. அப்பா இல்லாத வீடு அவனுடையது. அம்மாவுக்குப் புத்தி தடுமாறியிருந்தது, வருகிற பஸ்ஸில் ஏறிவிடுவாள். பஸ் ஸ்டாப் வராந்தாவிலிருந்துதான் தெரியும். அவள் தலை தெரிந்தால் மதிலைத் தாண்டி ஓடி, கையைப் பிடித்து வீட்டில் விட்டுவிட்டு வருவான். பைத்தியக்காரி மகன் என்று பெயர் வந்துவிடும் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

ஆசிரியர்களிடம் ஆளுக்கொரு விளக்கம் இருந்தது. கணக்கு சார் திமிர் என்றார். சயின்ஸ் டீச்சர் வயசுக்கோளாறு என்றார். ஹெட்மாஸ்டருக்குப் பிரம்பே விளக்கம். எங்கள் தமிழாசிரியர் என் அப்பா. பெரம்பலூரில் ஏதோ பயிற்சிக்குப் போய்வந்தவர், சோற்றைப் பிசைந்தபடி என் அம்மாவிடம் சொன்னார்: யாரும் கவனிக்கவில்லையே என்று ஏங்குகிற பிள்ளை அது, பொறுப்புக் கொடுத்தால் அடங்கிவிடும்.

மறுநாள் தனபால் கிளாஸ் லீடர். முதல் பெஞ்சு, சுவரோரம்.

ரோட்டில் ஹாரன் கேட்டதும் கத்தினான். வகுப்பு சிரித்தது, அப்பாவும் சிரித்தார். பெஞ்சை உதைத்தான். அப்பா தோளில் கைவைத்து உட்காரவைத்தார்.

"வெளிய அனுப்புங்க சார்."

"மாட்டேன்டா தம்பி. ஒன்னய யாரு வுட்டாலும் நான் வுட மாட்டேன்."

அவ்வளவு அன்பாகச் சொன்னார். வெளியே பஸ் கிளம்பும் சத்தம்.

மணியடித்ததும் ஓடினான். ஒங்கம்மா ஏறிப் போயிட்டாளேடா என்றார் டீக்கடைக்காரர். அப்பா அவனை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு ஜெயங்கொண்டம், அரியலூர், திருச்சி என்று பஸ் ஸ்டாண்டு பஸ் ஸ்டாண்டாக அலைந்தார். பின்னால் உட்கார்ந்து அழுதபடிதான் அவன் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். அப்பா வெகுகாலம் எங்களிடம் சொல்லவில்லை. அவள் கிடைக்கவில்லை. இன்றுவரை இல்லை. பிறகும் தேடப்போன தனபால் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவில்லை.

அதன்பிறகு வகுப்பில் யார் சத்தம் போட்டாலும் அப்பா அதட்டுவதில்லை, வெளியே அனுப்புவதுமில்லை. சாக்பீஸோடு கரும்பலகைப் பக்கம் திரும்பி நிற்பார். எழுதவும் மாட்டார். சாருக்கு நம்மைக் கண்டு பயம் வந்துவிட்டது என்று பையன்கள் முடிவு கட்டினார்கள். இன்னும் பலமாகக் கத்தினார்கள். பிள்ளைகளை அடக்கத் தெரியாத வாத்தியாருக்குப் பிள்ளையாகப் பிறந்தோமே என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.