வாய்க்குள் அடித்த வெயில்

ஒரு கோடையில் நான் மெலிந்து கறுத்துப்போனேன். திருச்சுழி வெயில் யாரை விட்டது என்று இருந்துவிட்டேன். மயங்கி விழுந்ததும் மனைவி என்னை விருதுநகருக்கு இழுத்துப்போனாள்.

டாக்டரம்மா டார்ச் அடித்து வாயைப் பார்த்தார். “ஈறும் கறுத்திருக்கே. வெயிலு வாய்க்குள்ளயுமா அடிக்கும்?”

“எந்நேரமும் பல்லைக் காட்டிக்கிட்டுத்தான திரியுறேன்” என்றேன்.

ரத்தப் பரிசோதனையில் கார்ட்டிசால் மிகக் குறைவு. “அட்ரினல் சுரப்பி சரியாச் சுரக்கல, அதான் இந்தக் கறுப்பு. தினமும் மாத்திரையை விடாமப் போட்டா நல்லா இருப்பீங்க” என்றார். நானோ அதற்குள் மனதில் எனக்கு எழவுப் பந்தலே போட்டிருந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “பயப்படாதீக, நான் இருக்கேன்ல.”

பயம் பாலவனத்தத்திலேயே இறங்கிப்போய்விட்டது. கையை விட்டுவிடுவாளோ என்று அருப்புக்கோட்டை வரை நடுங்கிக்கொண்டே வந்தேன். கல்யாணமான இத்தனை வருடத்தில், நாலுபேர் பார்க்க அவள் என் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான்.