ஏரிக்குள் போன சக்கரங்கள்

இடுப்பளவு தண்ணீரில் நின்று வேலைக்காரன் டின்னி காலால் துழாவிக்கொண்டிருந்தான். கரையில் கில்பாரன் பிரபு, தலைநகர் டப்ளினில் பிரபுக்கள் சபைக்குப் போட்டுக்கொள்ளும் பொய்முடியோடு, வீங்கிய காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"கெடச்சுதாடா?"

"ஏதோ தட்டுப்படுதுங்க எசமான். போன வருஷம் போட்ட பாதிரியார் சக்கரம் மாதிரி இருக்கு."

எங்கள் ரோஸ்காமன் பக்கத்துப் பெரிய வீடுகளில் விருந்தாளியைச் சீக்கிரம் போகவிடுவது அவமானம். முற்றத்தில் எந்த வண்டி நின்றாலும் சக்கரத்தைக் கழற்றி ஏரியில் போட்டுவிட வேண்டும் என்பது டின்னிக்குக் கில்பாரனின் நிரந்தர உத்தரவு. நேற்று விருந்துக்கு வந்த ஸ்ட்ராட்டன் பிரபு குதிரையில் வந்துவிட்டார். முற்றத்தில் நின்றது, காலையில் டப்ளின் கிளம்பத் தயாராக வைத்திருந்த கில்பாரனின் வண்டி.

"என் வண்டின்னு தெரியலையாடா?"

"தெரிஞ்சுதுங்க. உங்களையும் போக விடக்கூடாதோன்னு நெனச்சேன்."

சிறுவயதிலேயே பட்டத்துக்கு வந்தவர் கில்பாரன். சபையில் இதுவரை ஒரே ஒருமுறை பேசியிருக்கிறார். சபைக்குள் நுழைந்துவிட்ட நாய் யாருடையது என்று கேட்டார். அவருடையதுதான். நாளை அங்கே ஒரு மசோதாவுக்கு வாக்கெடுப்பு. அரசு பக்கம் வாக்களித்தால் இப்போதிருப்பதைவிடப் பெரிய பட்டம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மனைவி லெடிஷியா அதுவரை பொறுக்கவில்லை. புதிய பட்டத்துக்குரிய, முத்துகள் அதிகமுள்ள கிரீடத்தை வண்டிக் கதவில் வரையவைத்துவிட்டாள்.

"என் குதிரையில வேணா ஏறிக்கயேன்," என்றார் ஸ்ட்ராட்டன். அவர் எதிர்க்கட்சி. அந்தக் குதிரை கில்பாரனைத் தாங்காது என்பது குதிரைக்கே தெரியும். "முடியாதா? சரி, அப்ப நான் கெளம்பறேன்."

"எங்க கெளம்பற? வாத்து இன்னும் வேகல."

"வாக்கெடுப்பு இருக்குப்பா."

"எனக்குந்தான் இருக்கு. வந்த விருந்தாளி சாப்பிடாம போனான்னு ஊர் சொல்லணுமா? டின்னி, ஐயாவோட சேணம்."

டின்னி ஏரியைப் பார்த்தான். "அதையுமாங்க?"

சேணம் கொஞ்ச நேரம் மிதந்தது. சேணமில்லாமல் ஸ்ட்ராட்டனுக்குக் குதிரையில் உட்காரத் தெரியாது.

லெடிஷியா வாசலுக்கு வந்தாள். கணவரைப் பார்த்தாள். வண்டிக் கதவைப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் உள்ள வாங்க. சூப் ஆறுது."

மறுநாள் தூறல். டப்ளினில் இவர்கள் இருவரும் இல்லாமலே மசோதா நிறைவேறியது. வர்ணமடிப்பவன் வந்து கதவுக் கிரீடத்தில் கூடுதலாக இருந்த முத்துகளை அழித்தான். டின்னி மூன்று சக்கரங்களை வெளியே எடுத்தான். ஒன்று பாதிரியாருடையது. மத்தியானம் மீதி வாத்தைச் சாப்பிட்டார்கள்.